குழாய்க்கு அசிட் ஊற்ற முன்னர்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் கடையில் வாங்கிய குழாயின் பளபளப்பு சீக்கிரமே உரிந்துவிட்டது, சாமான் தரமில்லையோ என்று கேட்டு அண்மைக்காலமாகப் பலர் வருகிறீர்கள். கேட்பது நியாயம்தான், காசு கொடுத்து வாங்கிய பொருள். ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறோம். தயாரிப்புப் பிழை என்றால் மாற்றித் தருகிறோம். ஆனால் பெரும்பாலான குழாய்களில் பூச்சைத் தின்றது அசிட். நின்ற நிலையில் இரண்டு வசனத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் இருக்கிறது. காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை வந்ததும் அந்தக் கல்லை நம்பித்தான். மழைத்தண்ணீர் கல்லுக்குள்ளால் இறங்கும்போது சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியிலும் சவரின் ஓட்டைகளிலும் குழாயின் வாயிலும் வெள்ளையாகப் படிவது அதுதான். பள்ளிக்கூடப் பாடத்தில் கல்சியம் காபனேற்று என்று வரும். அசிட் பட்டதும் நுரைத்துக் கரையும். நுரையில் வருவது காபனீரொட்சைட்டு. இதுவரைக்கும் சரி.

வெள்ளை கரைந்து முடிந்த பிறகும் அசிட் வேலையை நிறுத்தாது என்பதுதான் பிரச்சினை. அடியில் இருக்கும் உலோகத்தில் கை வைக்கும். இப்போது வரும் குமிழி ஐதரசன். கண்ணுக்கு இரண்டு குமிழியும் ஒன்றுபோலத்தான் தெரியும். இன்னும் ஊத்தை இருக்கிறது, அதுதான் பொங்குகிறது என்று நினைத்து மேலும் கொஞ்சம் ஊற்றுகிறோம். குழாய் பழுதாவது அந்த இரண்டாவது ஊற்றலில்தான்.

பளபளக்கும் குழாய் முழுவதும் ஒரே உலோகம் இல்லை. நல்ல குழாயின் உடம்பு பித்தளை, அதன்மேல் நிக்கல், அதற்கும் மேலே குரோமியம். அந்தக் குரோமியப் படலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. நாங்கள் விற்கும் அசிட், அதாவது ஐதரோகுளோரிக் அமிலம், அதைக் கரைத்துவிடும். பிறகு பித்தளை வெளியே தெரியும். பித்தளை செம்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்தது. அமிலம் நாகத்தை இழுத்தெடுக்கும், செம்பு அப்படியே நிற்கும். உங்கள் பழைய குழாயின் கழுத்தடியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மஞ்சளாக இருக்கவேண்டிய இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டுத் தெரிந்தால், நாகம் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சிய இடம் அது. நகத்தால் சுரண்டினால் சொரசொரப்பாக இருக்கும். நாங்களும் இந்தத் திட்டைத்தான் முதலில் தேடுவோம்.

ஏன் நாகம் போகிறது, செம்பு நிற்கிறது? க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கேளுங்கள், சொல்லும். மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு என்று ஒரு வரிசை உண்டு. அதில் ஐதரசனுக்கு மேலே நிற்கும் உலோகங்கள் அமிலத்திலிருந்து ஐதரசனை வெளியே தள்ளிவிட்டுத் தாங்கள் கரைந்து உப்பாகிவிடும். செம்பும் வெள்ளியும் ஐதரசனுக்குக் கீழே. அவற்றுக்கு அந்தப் பலம் இல்லை.

இந்த வரிசை தெரிந்தால் வீட்டுச் சாமான்கள் பாதி தப்பும். நாகம் பூசிய வாளியில் அசிட் கலக்கவே கூடாது. இரும்பைக் காக்கத்தான் நாகத்தைப் பூசுகிறார்கள். அது கரைந்தால் அடுத்த மழைக்கே வாளி கறள் பிடிக்கும். அலுமினிய யன்னல் சட்டம் இன்னும் மோசம். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், ஏனென்றால் அலுமினியத்தின் மேல் ஒரு ஒட்சைட்டுப் படை இருக்கிறது. அது கரைந்ததும் சூடேறிப் பொங்கும். சில்வர் என்று நாம் சொல்லும் கறள் பிடிக்காத உருக்குச் சிங்குக்கும் இதே அமிலம் ஆகாது. அதிலுள்ள குளோரைட்டு சில்வரின் பாதுகாப்புப் படையை உடைத்து ஊசிமுனை அளவில் குழி போடும். ஊற்றக்கூட வேண்டாம், மூடி தளர்ந்த போத்தலைச் சிங்குக்கு அடியில் வைத்தாலே அதன் புகை பட்டுக் கதவுப் பிணைச்சல் கறள் கட்டும்.

ஐதரசன் எரியும் வாயு என்பதும் மனதில் இருக்கட்டும். ஏறக்குறைய 65 கிராம் நாகம் கரைந்தால் 2 கிராம் ஐதரசன்தான் வரும். ஆனால் நமது வெக்கைக்கு அந்த 2 கிராம் 24 லீற்றருக்கும் மேலான இடத்தை அடைக்கும். 1783இல் பாரிசில் முதன்முதல் ஐதரசன் பலூனைப் பறக்க விட்டபோது இரும்பில் சல்பூரிக் அமிலத்தை ஊற்றித்தான் அதை நிரப்பினார்கள். அதனால் அசிட்டை உலோக ரின்னில் ஊற்றி மூடி வைக்காதீர்கள். குமிழி வரும் இடத்தில் நெருப்புப் பெட்டியும் வேண்டாம்.

சரி, வெள்ளைப் படிவை எப்படித்தான் எடுப்பது? வினாகிரி போதும். தேசிக்காய்ப் புளியும் நல்லது. இரண்டும் மென்மையான அமிலம், சுண்ணாம்பைக் கரைக்கும், உலோகத்தில் மெதுவாகத்தான் வேலை செய்யும். பழைய துணியை நனைத்துக் குழாயில் சுற்றுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் எடுத்துப் பழைய பல்துலக்கும் பிறஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு நாள் செய்யலாம். இரவு முழுக்கச் சுற்றி வைத்தால் வினாகிரியும் பூச்சைக் கெடுக்கும்.

கொமட்டுக்கு அசிட் பாவிப்பவர்கள் கையுறை போட்டு, யன்னலைத் திறந்து வைத்துப் பாவியுங்கள். குழாயில் தெறித்தால் உடனே தண்ணீர் அடித்து, அப்பச்சோடாவைக் கரைத்துப் பூசிக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடரோடு அசிட்டை ஒருநாளும் சேர்க்கவேண்டாம். வரும் குளோரின் வாயு நெஞ்சைப் பிடிக்கும், ஆளைக் கொல்லவும் கூடும்.

இன்னொன்று. சோடாப் போத்தலைக் கொண்டுவந்து அசிட் கேட்டால் இனி நாங்கள் தரமாட்டோம். பழகிய முகம் என்றாலும் தரமாட்டோம், கோபிக்க வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், தாகத்தில் எடுத்துக் குடித்துவிடுவார்கள். பெயர் ஒட்டிய போத்தலில், மூடியை இறுக்கித் தருகிறோம். குழாயில் சந்தேகம் இருந்தால் கழற்றிக்கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ஹாட்வெயார் கடையினர்
யாழ்ப்பாணம்