கிளிக் எண்ணுமுன் வேகத்தை அளந்துவிடு

காரைக்குடி,
சித்திரை

அன்புள்ள சோமு,

உன் கடிதம் மாசியில் வந்தது, பதில் சித்திரையில் வருகிறது, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் நலம். வளவில் ஓடு மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஹவில்தார் ஐயா உன்னை விசாரித்தார், “இப்பவாவது மூச்சை விட்டுட்டுச் சுடுறானா?” என்பதே இன்றும் அவருடைய முதல் கேள்வி.

50 மீட்டரில் ஜீரோ வைத்த (குறிவைத்த புள்ளியிலேயே தோட்டா விழும்படி திருத்திய) .22 ரைபிளை 100 மீட்டருக்குக் கொண்டுபோக, ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியின் திருகை எத்தனை கிளிக் ஏற்ற வேண்டும் என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். கேள்வி ஒரு வரிதான் என்றாலும், அதற்கு நேர்மையாக விடை சொல்லக் கையில் தோட்டாவின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒன்று வேண்டியிருந்தது. மதுரை நண்பர் ஒருவர் இரவல் கொடுத்தார். சென்ற ஞாயிறு முழுவதும் அதோடுதான் கழிந்தது, அந்த உற்சாகம் இன்னும் அடங்கவில்லை.

கருவி எளிமையானது. ஓரடி, இரண்டடி இடைவெளியில் இரண்டு ஒளிக்கண்கள் இருக்கின்றன. தோட்டாவின் நிழல் முதல் கண்ணைக் கடந்து இரண்டாவதை அடைய ஆகும் நேரத்தை எண்ணி வேகத்தைச் சொல்லிவிடுகிறது. 60 செ.மீ. இடைவெளியை .22 தோட்டா கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. நம் ஊர் உச்சி வெயிலில் அந்தக் கண்கள் கூசிப்போய் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கின்றன. மேலே வெள்ளைத் தகட்டைப் பொருத்தி நிழல் கொடுத்தால்தான் ஒழுங்காகப் படிக்கின்றன. குழல்வாயிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் வெடிக்காற்றும் அதைக் குழப்பிவிடும்.

பெட்டியில் அச்சிட்டிருந்த வேகம் நொடிக்கு 330 மீட்டர். நம் ரைபிளில் சராசரியாக வந்தது 319. குழலின் நீளமும் தோட்டா அமரும் அறையின் தளர்வும் வெடிமருந்தின் வெப்பமும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் மாறும்போது, எங்கோ ஒரு சோதனைக் குழலில் எடுத்த எண் உனக்கும் எனக்கும் எப்படிப் பொருந்தும்? ஸ்கோப் நடு குழல் நடுவுக்கு 4 செ.மீ. மேலே இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டேன். 330 என்றால், 50இல் ஜீரோ வைத்த துப்பாக்கி 100 மீட்டரில் ஏறக்குறைய 24 செ.மீ. தாழச் சுடும், அதாவது ஒரு சாண். 319 என்றால் 26 செ.மீ. ஆகிவிடுகிறது. உன் ஸ்கோப் 0.1 மில் கிளிக் உடையது (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதால் 100 மீட்டரில் ஒரு கிளிக் ஒரு செ.மீ.; ஆகவே இரண்டு கிளிக் வித்தியாசம். 50 மீட்டர் இலக்குத் தாளில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான் என்பதை நினைத்துப் பார்.

சராசரியைவிட எனக்குக் கவலை தருவது தோட்டாவுக்குத் தோட்டா வரும் ஏற்ற இறக்கம். ஒரு தோட்டா மற்றதைவிட நொடிக்கு 10 மீட்டர் மெதுவாகப் போனால் 100 மீட்டரில் அது மூன்று செ.மீ. அளவுக்குக் கீழே விழும். அதை எந்தக் கிளிக்காலும் சரிசெய்ய முடியாது. வேகம் சீராக வரும் லாட்டை, அதாவது ஒரே தொகுதியாகத் தயாரான தோட்டாக்களை, தேடி வாங்குவதில் செலவழிக்கும் பணம், விலையுயர்ந்த ஸ்கோப்பில் போடும் பணத்தைவிட மேலானது என்பது என் முடிவான எண்ணம்.

ஒரு செய்தி உனக்குப் பிடிக்கும். தோட்டாவின் வேகத்தை முதன்முதலில் முறையாக அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதர். தொங்கவிட்ட ஊசலில் சுட்டு, அது எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டு, 1742இல் வெளியிட்டார். காற்று தோட்டாவை எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்பது அதன் பிறகே உலகுக்கு உறைத்தது. அந்த மனிதர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்ய இங்கே வந்து, 1751இல் கடலூர்த் தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். நாம் என்.சி.சி. முகாமுக்குப் போன அதே கடலூர், சோமு! அன்று யாரும் நமக்கு இதைச் சொல்லவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இனி நீ செய்ய வேண்டியது. கணக்குச் சொன்ன எண்ணைத் தாளில் சரிபார்க்காமல் நம்பாதே. 100 மீட்டரில் நிறுத்திய உயரமான அட்டையில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலை ஒட்டி நேர்கோடு போட்டுக்கொள். கோட்டின் அடியையே குறிவைத்து முதலில் ஐந்து தோட்டா சுடு. பிறகு 30 கிளிக் ஏற்றி, அதே அடியைக் குறிவைத்து மறுபடி ஐந்து சுடு. இரண்டாவது ஐந்து துளைகளின் கூட்டம் முதலாவதற்குச் சரியாக 30 செ.மீ. மேலே, கோட்டின் மீதே விழ வேண்டும். 28 செ.மீ.தான் ஏறியது என்றால் கிளிக் தன் அளவுக்குக் குறைவாக நகர்கிறது. ஒன்றரை செ.மீ. பக்கவாட்டில் விலகினால் ஸ்கோப் மூன்று பாகை சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம்.

தாளில் வந்த சரிவு கணக்கோடு பொருந்தாதபோது பலர் சரிவைக் கணக்கிடும் செயலியில் வேகத்தை மாற்றி மாற்றிப் பொருத்திவிடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. அளந்த வேகத்தில் கை வைக்காதே. கிளிக்கைச் சரிபார், பிறகு தூரத்தை நாடா பிடித்து அள. இங்கே மைதானத்தில் நட்டிருக்கும் 100 என்ற கல் யார்டுக் கல், அது 91.44 மீட்டர்தான். அந்த எட்டரை மீட்டருக்கே ஆறு செ.மீ. சரிவு மாறிவிடும். இவை எல்லாம் சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால் மட்டுமே, காற்று தோட்டாவை எவ்வளவு தடுக்கிறது என்று செயலியில் கொடுக்கும் காற்றுத்தடை எண்ணைத் தொடு.

உன் ஸ்கோப்பின் நடுவுக்கும் குழல் துளையின் நடுவுக்கும் உள்ள உயரத்தை அளந்து எழுது. குழலின் மேற்பரப்பிலிருந்து அளந்துவிடாதே. தோட்டாப் பெட்டியின் லாட் எண்ணையும் சேர்த்து அனுப்பு. கருவி வைகாசி வரை என்னிடம்தான் இருக்கும், அதற்குள் ரைபிளோடும் உரிமப் புத்தகத்தோடும் ஒருமுறை வந்து போ.

உன்,
வைரவன்