அந்திரேயாவைப் பற்றி மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவின் நாமத்தில் அம்மாவின் வாழ்த்துகள். உன் கடிதம் கிடைத்தது. வாலிபர் கூட்டத்தில் நீ சாட்சி சொன்ன பகுதியை அப்பா திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எனக்கும் பெருமைதான். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்ல என் முந்தானையை விடாத பிள்ளை நீ.

ஆனால் ஒன்று. கூட வேலை செய்கிறவரின் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். அந்த நண்பர் கையில் சுவிசேஷக் கைப்பிரதியைக் கொடுத்து, "உங்கள் அப்பா இரட்சிக்கப்பட்டாரா?" என்று கேட்டிருக்கிறாய். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம், உனக்கு அது உபத்திரவமாம்! ராத்திரி துணைக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டாயா ராஜா? கேட்டிருந்தால் எழுதியிருப்பாய். நம் நம்பிக்கையைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் பேதுரு எழுதுகிறார். அந்த நண்பர் உன்னை ஒன்றும் விசாரிக்கவில்லையே.

அந்தப் பேதுருவையே இயேசுவிடம் கூட்டிவந்தது கூடப்பிறந்த அந்திரேயாதான். மேசியாவைக் கண்டதும் முதலில் தேடிப் போனது கூடப்பிறந்தவனை. யோவான் முதல் அதிகாரத்தில் இருக்கிறது, எடுத்துப் பார். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பேசி ஏறக்குறைய 3000 பேர் சேர்ந்தார்கள். அந்திரேயா செய்த பிரசங்கம் என்று வேதத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஐந்து அப்பம் வைத்திருந்த பையனைப் பற்றி ஆண்டவரிடம் சொன்னதும் அவர்தான். எனக்கென்னவோ அவரைத்தான் அதிகம் பிடிக்கும்.

அப்புறம், மத்தேயு 5:23, 24 வாசி. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் யாரிடம் போகச் சொல்கிறார் என்று பார். நான் வேறெதுவும் சொல்லவில்லை. பத்திர விஷயத்தை எழுத மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நீ திருவிருந்து எடுத்ததாக எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த வசனம்தான் வந்து நிற்கிறது. ஊருக்கெல்லாம் சுவிசேஷம் சொல்கிற பிள்ளை. சரி, விடு.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் வாசிக்கக் கூடாதாம்.

அந்த நண்பரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார். கைப்பிரதி வேண்டாம். ஒரு ராத்திரி துணைக்கு இரு, அவர் கொஞ்சம் தூங்கட்டும். எது பேசினாலும் சாந்தமாகப் பேசு.

அண்ணனுடைய நம்பர் மாறிவிட்டது. பழையதில் கூப்பிட்டால் கிடைக்காது. புதியது என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா