யாரிடம் காசு வாங்கப் போகிறாய்?

அன்புள்ள நண்பா,

அரங்கங்களுக்கு ஒலி ஆலோசகனாகத் தொழில் தொடங்கலாமா என்று நீ கேட்ட கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை, கண். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண் அடுத்த மாதம். வலியெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வேடிக்கை கேள்: இடது கண்ணை மூடிக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் லேசாக நீலம் பூத்த வெள்ளை, வலதை மூடிக்கொண்டு பார்த்தால் அதே சுவர் பழைய செய்தித்தாள் மாதிரிப் பழுப்பு. மாற்றி மாற்றி மூடித் திறந்து விளையாடிக்கொண்டிருந்தேன், வீட்டில் எனக்கு வேறு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்கள். ஓவியர் மோனேவுக்கும் 1923-இல் இதே ஆபரேஷன் நடந்தது, அவரும் நிறங்கள் மாறிவிட்டதாகப் புலம்பியிருக்கிறார். அவராவது தன் கண்ணை வைத்துத் தன் படத்தைத்தான் வரைந்தார். கலை ஆலோசகனான நான் இந்தப் பழுப்புக் கண்ணை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு "இந்த வெள்ளை அழுக்காக இருக்கிறது, அதை எடுங்கள்" என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கூச்சமாகவும் இருக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தைந்து வருஷம் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே கிடந்தாயிற்று, இப்போது அரங்கம் கட்டுகிறவர்களும் ஸ்டூடியோ வைக்கிறவர்களும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், நீயும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கைதட்டிப் பார்த்துவிட்டு "இந்தச் சுவருக்குத் துணி போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறாய், இதையே தொழிலாக்கிக்கொண்டால் என்ன என்கிறாய். ஆக்கிக்கொள்ளலாம். உன் காது யாருக்கும் சளைத்ததில்லை. ஆனால் வேலை தெரிந்திருப்பது பாதிதான்டா. ஃபிரேம் போடுகிற பட்டறையில் இருந்த காலத்தில் எனக்குப் படத்தின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் நன்றாகத் தெரியும்: கான்வாஸை எத்தனை முறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள், எந்தக் கேலரியின் சீட்டைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், புற ஊதா விளக்கைப் பிடித்தால் பிற்பாடு பூசிய இடங்கள் எப்படித் திட்டுத்திட்டாகக் கருத்துத் தெரிகின்றன, இதெல்லாம். அந்த அறிவை நம்பித்தான் கலை ஆலோசகர் என்று கார்டு அடித்தேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைக் கேட்கவே இல்லை. "இந்தப் படத்தை வாங்கலாமா?" என்பார்கள். உள்ளே இருக்கிற கேள்வி "என் மைத்துனன் பார்த்தால் சிரிப்பானா?" என்பதாக இருக்கும், அல்லது "நாளைக்கு விற்றால் போட்ட காசு வருமா?" சில பேர் ஏற்கெனவே வாங்கிவிட்டு வந்திருப்பார்கள், நல்லது என்று ஒரு வார்த்தை நம் வாயிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். முதல் இரண்டு சந்திப்பும் அந்த உள்கேள்வியைத் தோண்டுவதிலேயே போய்விடும், அதற்குக் காசு கேட்கவும் முடியாது. உனக்கும் இப்படித்தான் நடக்கும். "ஹாலில் எதிரொலி அடிக்கிறது" என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் ஆர்க்கிடெக்ட்டோடு சண்டை, நீ அங்கே சாட்சி.

வாலஸ் சபைனைப் பற்றி உனக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் உன் துறையின் முதல் ஆலோசகர் என்று நான் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். 1895-இல் ஹார்வர்டின் ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் புது விரிவுரைக் கூடம், ஒரு சொல் சொன்னால் ஐந்து வினாடிக்கு மேல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் எதுவும் புரியவில்லை. இயற்பியல் துறையில் இருந்த அந்த இளைஞரைக் கூப்பிட்டு இதைச் சரிசெய் என்கிறார்கள். அவர் கைதட்டிப் பார்த்து அபிப்பிராயம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் சுமந்து வந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதவிட்டு, ஒலி அடங்கும் வரை ஸ்டாப்வாட்ச்சில் கணக்கெடுத்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கில். பல்கலைக்கழகத் தலைவருக்கே பொறுமை போய்விட்டது. அந்தக் கணக்கை வைத்துத்தான் 1900-இல் பாஸ்டன் சிம்ஃபொனி ஹால் திறந்தது, இன்றைக்கும் உலகத்தின் நல்ல அரங்குகளில் ஒன்று என்கிறார்கள். நீ மெத்தை சுமக்கத் தயாரா என்று கேட்க மாட்டேன், சுமப்பாய், உன்னைத் தெரியும். சுமக்கிற நாட்களுக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்பாயா என்பதுதான் சந்தேகம்.

ஏனென்றால் நாம் இரண்டு பேருமே காசு கேட்கக் கூச்சப்படுகிற ஜாதி. ஓவியர் விஸ்லர் கதையைப் பல ஆலோசகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 1878-இல் தன் படத்தைத் திட்டி எழுதிய விமர்சகர் ரஸ்கின் மேல் வழக்குப் போடுகிறார் விஸ்லர், எதிர்த்தரப்பு வக்கீல் "இரண்டு நாள் வேலைக்கா இருநூறு கினி கேட்டீர்?" என்கிறார், "இல்லை, ஆயுள் முழுக்கச் சேர்த்த அறிவுக்கு" என்று இவர் பதில் சொல்கிறார். கேட்கவே ஜோராக இருக்கும். மீதிக் கதையைச் சொல்ல மாட்டார்கள். வழக்கில் ஜெயித்தார், நஷ்ட ஈடாகக் கிடைத்தது ஒரே ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி, மறு வருஷமே திவால். பதில் சொல்வது வேறு, பில் போடுவது வேறு. மாதத்தில் பாதி நாள் வேலை தேடுவதிலும் போன் பேசுவதிலும் போய்விடும், ஆகவே உன் இப்போதைய சம்பளத்தை முப்பதால் வகுத்து ஒரு நாள் கட்டணம் என்று வைத்தாயானால் ஆறாவது மாதம் கடன் கேட்டு எனக்குக் கடிதம் எழுதுவாய். முதல் வேலையிலேயே முன்பணம் வாங்கு. எத்தனை முறை நேரில் வருவாய், எத்தனை முறை வரைபடம் பார்ப்பாய் என்று எண்ணிக்கை போட்டு எழுதிக் கொடு. "சும்மா ஒரு வார்த்தை கேட்கலாம்னு" என்று வருகிற போன்கள்தான் ஆளைத் தின்னும்.

இதெல்லாம் எப்படியும் பழகிவிடும். நான் இத்தனை நாள் யோசித்தது வேறொன்றை. உன் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருந்தாயே, எதிரொலியைக் குறைக்கச் சுவருக்கு ஒட்டும் பேனல் விற்கிற ஒருவர், நீ சிபாரிசு செய்கிற ஒவ்வொரு அரங்குக்கும் உனக்கு ஒரு பங்கு தருவதாகச் சொல்கிறார், அது முதல் இரண்டு வருஷம் தாக்குப்பிடிக்க உதவும் என்று. அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு அலுவலகத்தின் வரவேற்புக் கூடத்துக்குப் படங்கள் தேர்ந்துகொடுக்கும் வேலை கிடைத்தது. அவர்கள் கொடுத்த கட்டணம் சொற்பம், ஒரு கேலரி தன்னிடம் வாங்கினால் பத்து சதவீதம் எனக்குத் தருவதாகச் சொன்னது. அவர்களிடம் அப்போது இருந்தவை எல்லாம் நீர்வண்ண ஓவியங்கள், காகிதம். கூடத்தின் எதிரே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, மேற்கு வெயில். காகிதத்தில் வரைந்ததை 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு) மேல் வெளிச்சத்தில் வைக்கக் கூடாது என்பது அருங்காட்சியகங்களின் கணக்கு, நேர் வெயிலோ லட்சம் லக்ஸ் வரை போகும். எனக்குத் தெரியாதா? பட்டறையில் தினமும் பார்த்த விஷயம். ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் நின்றபோது, சத்தியமாகச் சொல்கிறேன், வெயில் எனக்குக் கண்ணில் படவே இல்லை. "புற ஊதா தடுக்கும் கண்ணாடி போட்டால் போதும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவர்களிடமும் சொன்னேன். இரண்டரை வருஷம் கழித்துக் கூப்பிட்டார்கள். ஃபிரேமைக் கழற்றி, படத்தின் விளிம்பைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டையைத் தூக்கினேன். அட்டை மறைத்திருந்த விளிம்பில் ஒரு நூல் அகலத்துக்கு அடர்ந்த ரோஜா நிறம், அப்போதுதான் தொட்டுத் தீட்டினது போல. அதற்கு உள்பக்கம் முழுக்கத் தேநீர்க் கறை மாதிரி ஏதோ ஒன்று. என்னைக் கூப்பிட்ட அலுவலகத்து அம்மா கோபப்படக்கூட இல்லை, "முதலில் இப்படியா இருந்தது?" என்று அந்த நூலிழையை விரலால் காட்டிக் கேட்டார். பங்கு வாங்கியதை நான் அப்போதும் சொல்லவில்லை.

நான் பொய் சொன்னேன் என்றால்கூட மனசு ஆறும். பொய் சொல்லவில்லை, பார்க்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியங்களில் பெர்னார்ட் பெரென்சனைவிடக் கூர்மையான கண் அவர் காலத்தில் இல்லை என்பார்கள். அவர் 1912-இல் ஜோசப் டுவீன் என்ற வியாபாரியோடு ரகசிய ஒப்பந்தம் போட்டார், விற்கிற படத்தின் லாபத்தில் கால்பங்கு அவருக்கு. வாங்குகிற பணக்காரர்களோ அவரைப் பொதுவான நிபுணர் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் இன்னார் வரைந்தது என்று சொன்னவற்றில் நிறைய சரிதான். ஆனால் எது காசு வாங்கிச் சொன்னது, எது கண்ணால் பார்த்துச் சொன்னது என்று இன்றைக்கு வரை பிரிக்க முடியாமல் ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள். பெரென்சனுக்கே தனக்குள் பிரிக்க முடிந்திருக்குமா என்பதுதான் என் சந்தேகம்.

அமெரிக்காவில் கலை ஆலோசகர்களுக்கென்று 1980-இல் ஆரம்பித்த ஒரு சங்கம் இருக்கிறது, வாங்குபவருக்காக வேலை செய்பவர் விற்பவராகவும் இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் பிடித்துத் தொங்குகிற விஷயம். நான் இப்போது வாங்குகிற விலையில் சதவீதம் கேட்பதையும் விட்டுவிட்டேன். படம் விலை ஏற ஏற என் கட்டணமும் ஏறும் என்றால், மலிவான நல்ல படம் என் கண்ணில் படுமா? நாள் கணக்கு, அல்லது மொத்தமாக ஒரு தொகை, அவ்வளவுதான். "வாங்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு வருகிற நாளிலும் அதே கட்டணம்.

பேனல்காரரிடம் சேர்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவருடைய ஆள் என்று கார்டில் போட்டுக்கொண்டு போ, அது நேர்மையான தொழில், உன் காதுக்கு அவர் கொடுத்துவைத்தவர். இரண்டையும் ஒரே கார்டில் போடாதே.

அப்புறம் ஒன்று, மறந்துவிடுவேன். எதைச் சொன்னாலும் எழுத்தில் கொடு. 1962-இல் நியூயார்க்கில் ஃபில்ஹார்மானிக் ஹால் திறந்ததும் ஒலி மோசம் என்று அதன் ஒலி ஆலோசகர் லியோ பெரானெக்கைப் போட்டுக் கிழித்தார்களே, அவர் பல நாடுகளின் அரங்குகளை அளந்து ஆராய்ந்துவிட்டுச் சொன்னது ஒன்று, ஒரு பத்திரிகை கூச்சல் போட்டதும் இருக்கைகளைக் கூட்டிச் சுவர்களின் வடிவத்தையே மாற்றிக் கட்டியது இன்னொன்று. பழி என்னவோ ஆலோசகர் தலையில்தான். அந்த ஹாலை 1976-இல் உள்ளே மொத்தமாக இடித்துக் கட்டினார்கள், அப்புறம் 2022-இலும். வடிவத்தை மாற்றினால் நான் பொறுப்பில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள். கடைசி நேரத்தில் இருக்கையைக் கூட்டாத அரங்கம் உலகத்தில் இல்லை.

வேலையை இந்த வருஷமே விடாதே. கூப்பிடுகிறவர்களில் மூன்று பேரிடம் முழுக் கட்டணம் கேட்டுப் பார், இரண்டு பேர் ஓடிவிடுவார்கள், மிச்சம் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு எழுது. பேனல்காரருக்கு என்ன பதில் சொன்னாய் என்பதையும் சேர்த்து. கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது, இடது கண் ஆபரேஷன் முடியும் வரை இந்த மூக்குக் கண்ணாடி எதற்கும் உதவாது.

அன்புடன்,
உன் பழைய பட்டறைக்காரன்