இரண்டு லாகின், இரண்டு கணக்கு

ஈரோடு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு வர இயலாமற்போனதைப் பொறுத்துக்கொள். மஞ்சள் வேகவைக்கும் நேரத்தில் குடோனை விட்டு நகர முடியவில்லை. உன் பனியன் கம்பெனியின் புதுக் கணினியில் எல்லோரையும் அட்மின் (கணினியில் எதையும் மாற்றும் உரிமை உள்ளவர்) ஆக்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். எங்கள் குடோனில் நடந்ததைக் கேள்.

எங்கள் எடைக் கணக்கு மென்பொருள் பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. மூட்டைக் கணக்குக் கோப்பை, மென்பொருள்கள் ஏற்றப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். அதைப் புதுக் கணினியில் ஏற்றி, பகல் கணக்கருக்கும் இரவுக் கணக்கருக்கும் தனித்தனி லாகின் கொடுத்தேன். பகலில் பதிந்த 42 மூட்டை இரவில் இல்லை. இரவில் பதிந்தது விடிந்தால் இல்லை. பத்தாண்டுகளாக ஒரே தூக்குப் போசியில் டீ குடித்த இருவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

உண்மையில் ஒரு மூட்டையும் தொலையவில்லை. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு புரோகிராம் ஃபைல்ஸில் எழுதச் சாதாரண யூசருக்கு உரிமை கிடையாது. பழைய 32 பிட் மென்பொருள் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுக்காமல், அந்தந்த யூசரின் சொந்தத் தரவு ஃபோல்டரான ஆப்டேட்டாவில், லோக்கலுக்குள் இருக்கும் வர்ச்சுவல்ஸ்டோர் ஃபோல்டரில் எழுதிவைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இருந்துவிடுகிறது. அதனால் ஒருவர் பதிந்தது மற்றவர் கண்ணில் படவில்லை. இருவரையும் அட்மின் ஆக்கியிருந்தாலும் இது தீர்ந்திருக்காது. யூஏசி (அட்மின் உரிமையைக் கேட்டுத்தான் கொடுக்கும் விண்டோஸ் காவல்) இயங்கும்வரை அட்மின் திறக்கும் மென்பொருளும் சாதாரண உரிமையோடுதான் ஓடும்.

பிறகு, பகல் கணக்கரின் லாகினிலேயே சி டிரைவின் புரோகிராம்டேட்டாவில் (எல்லா யூசருக்கும் பொதுவான, மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர் அது) ஓர் உள்ஃபோல்டர் உண்டாக்கிக் கோப்பை அங்கே வைத்தேன். இரவுக் கணக்கருக்குக் கணக்கு தெரிந்தது, ஆனால் அவர் பதிந்தது அந்தப் பொதுக் கோப்பில் ஏறவில்லை. அந்த இடத்தின் இயல்பான ஏற்பாடே அதுதான்: யார் வேண்டுமானாலும் கோப்பு வைக்கலாம், மற்றவர்கள் படிக்கலாம், ஆனால் சாதாரண யூசர்களில் வைத்தவர் மட்டுமே திருத்தலாம். பங்குக் கிணற்றில் தண்ணீரைப் பார்க்கலாம், மோட்டார் சாவி மட்டும் ஒருவர் மடியில் என்பது போல.

கடைசியில் அட்மினாக நுழைந்து, அந்த ஓர் உள்ஃபோல்டரின் செக்யூரிட்டி பகுதியில் யூசர்ஸ் குழுவுக்கு மாடிஃபை (திருத்தும், அழிக்கும்) உரிமை கொடுத்தேன். உள்ளே இனி உருவாகும் கோப்புகளுக்கும் அது தானாக இறங்கிவிடும். ஃபுல் கன்ட்ரோல் கொடுக்காதே; அனுமதிகளையே மாற்றும் அதிகாரம் கணக்கெழுதுபவருக்கு எதற்கு? மென்பொருளையும் அந்த ஃபோல்டரில் வைக்காதே, யாரும் மாற்றிவிடக்கூடிய இடம் அது. பழைய கோப்புகளைக் கட் செய்து ஒட்டினால் பழைய அனுமதியோடே வந்துவிடக்கூடும் என்பதால், காப்பி எடுத்தே வை.

இரு கணக்குகளையும் ஒன்றாக்க எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. உன் பழைய கணினியை ஃபார்மட் செய்வதற்குமுன் ஒவ்வொரு லாகினின் வர்ச்சுவல்ஸ்டோரையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு எனக்கு எழுது.

உன் பழைய நண்பன்