வினைச்சொல்லோடு அதன் அமைப்பையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் மாணவர் பக்கங்களில் வரும் 'தினம் பத்து ஆங்கில வாக்கியங்கள்' போன்ற பகுதிகளைப் பலர் கத்தரித்து, நோட்டில் ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள். அந்த உழைப்பு வீண்போகக் கூடாது என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன். வாக்கியத்தையும் தமிழ்ப் பொருளையும் மட்டும் போட்டு நிறுத்தாமல், அதில் உள்ள வினைச்சொல் தனக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள். மனப்பாடம் செய்த வாக்கியம் அந்த ஒரு சூழலோடு சரி. வினையின் அமைப்பு பிடிபட்டால், அதைக் கொண்டு எத்தனை வாக்கியம் வேண்டுமானாலும் சொந்தமாகப் பேசலாம்.

பள்ளியில் எஸ்.வி.ஓ. (எழுவாய், வினை, ஆப்ஜெக்ட்), எஸ்.வி.சி. (எழுவாய், வினை, காம்ப்ளிமென்ட்) என்று எழுத்துகளாகச் சொல்லித்தருகிறார்கள். அடிப்படை அமைப்புகள் ஏழுதான். 'பேர்ட்ஸ் ஃப்ளை' என்பதில் வினைக்குப் பின் எதுவும் தேவையில்லை. 'ஷி ரீட்ஸ் புக்ஸ்' என்பதில் ஆப்ஜெக்ட், அதாவது செயப்படுபொருள், வருகிறது. 'ஹி இஸ் டயர்ட்' என்பதில் காம்ப்ளிமென்ட் (யார், என்ன, எப்படி என்று விளக்கும் சொல்), 'தே லிவ் ஹியர்' என்பதில் இடம். 'ஹி கேவ் மீ எ பென்' என்பதில் இரண்டு ஆப்ஜெக்ட். 'வீ மேட் ஹிம் கேப்டன்' என்பதில் ஆப்ஜெக்ட்டும் காம்ப்ளிமென்ட்டும். 'ஐ புட் த பென் ஹியர்' என்பதில் ஆப்ஜெக்ட்டும் இடமும். தேர்வில் வாக்கியத்தைக் கொடுத்தால் மாணவர்கள் இந்த எழுத்துகளைச் சரியாகக் குறித்துவிடுகிறார்கள். பேசும்போது தடுமாறுவது ஏன்? எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்று யாரும் சேர்த்துச் சொல்லித்தரவில்லை. 'ஹி புட் த புக்' என்று நிறுத்தினால் வாக்கியம் முடியவே இல்லை, 'புட்' என்றால் எங்கே என்றும் சொல்லியாக வேண்டும். இது தெரியாமல் ஏழு அமைப்புகளையும் ஒப்பிப்பதில் பயனில்லை.

தமிழர்களுக்கு வரும் பிழைகளில் பல தமிழின் 'கு' உருபிலிருந்து வருகின்றன. எனக்குக் கொடு, எனக்கு வாங்கு, எனக்கு விளக்கு: தமிழில் மூன்றும் ஒரே அச்சு. ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று வழி. கிவ், சென்ட், ஷோ, டீச், லெண்ட் போன்ற வினைகளுக்குப் பின் ஆளை நேரடியாகச் சொல்லலாம்: 'கிவ் மீ த புக்'. ஆளைப் பின்னால் தள்ளினால் நடுவில் 'டு' வரும்: 'கிவ் த புக் டு மீ'. பை, மேக், குக் போன்றவற்றிலும் ஆளை நேரடியாகச் சொல்லலாம், 'பை மீ எ பென்' என்று. ஆனால் ஆளைப் பின்னால் தள்ளும்போது 'டு' வராது, 'ஃபார்' வரும்: 'பை எ பென் ஃபார் மீ'. எக்ஸ்ப்ளெயின், டிஸ்க்ரைப், சஜஸ்ட், சே ஆகியவை ஆளை நேரடியாக ஏற்பதே இல்லை. 'எக்ஸ்ப்ளெயின் மீ த லெசன்' பிழை. 'எக்ஸ்ப்ளெயின் த லெசன் டு மீ' என்றுதான் வரும். 'ஹி செட் மீ' பிழை. 'ஹி டோல்ட் மீ' சரி. பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கும் சிறிய வினைகள் பெரும்பாலும் இரண்டு ஆப்ஜெக்ட்டை ஏற்கும், இலத்தீன் வழி வந்த நீண்ட வினைகள் பெரும்பாலும் ஏற்காது. இதற்கு விலக்குகள் உண்டு: 'ப்ராமிஸ்' ஏற்கும், 'சே' சிறிய சொல்லாக இருந்தும் ஏற்காது. ஆகவே இதை ஒரு கைகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, வினையை அதன் அமைப்போடு சேர்த்துப் பழகுவதுதான் பாதுகாப்பு. இன்னொரு நுட்பம்: கொடுக்கும் பொருள் 'இட்' என்று சுருங்கிவிட்டால் 'கிவ் இட் டு மீ' என்பதே இயல்பு.

அதே 'எனக்கு' வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் கதையே வேறு. எனக்குப் பசிக்கிறது, எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும், எனக்கு அவரைத் தெரியும், எனக்கு நேரமில்லை. இவை அனைத்திலும் ஆங்கிலத்தில் 'ஐ' என்றே தொடங்க வேண்டும்: 'ஐ ஆம் ஹங்க்ரி', 'ஐ லைக் திஸ் சாங்', 'ஐ நோ ஹிம்', 'ஐ ஹேவ் நோ டைம்'. 'டு மீ', 'ஃபார் மீ' என்று தொடங்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு கணம் நின்று 'ஐ' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

'அவர் ஆசிரியர்' என்று தமிழில் வினையே இல்லாமல் முடித்துவிடலாம். அதனால் 'ஹி டீச்சர்', 'ஷி வெரி கைண்ட்' என்று வந்துவிடுகிறது. இதைத் திருத்தும்போது ஆசிரியர்கள் 'ஆம், இஸ், ஆர் போடு' என்று மட்டும் சொல்லிவிடுவதால் அடுத்த பிழை பிறக்கிறது: 'ஐ ஆம் அக்ரீ', 'ஐ ஆம் கோ டெய்லி'. 'ஆம்' என்பதை 'ஐ'யோடு ஒட்டிப் பிறந்த சொல் என்றே மாணவர் நினைத்துக்கொள்கிறார். முழு விதியையும் சொல்லிவிட வேண்டும்: வேறு வினை இல்லாதபோது 'ஆம்' தானே வினை. வேறு வினை இருந்தால், அது 'கோயிங்' என்பது போல 'இங்' வடிவிலோ, 'இன்வைட்டட்' போல செயப்பாட்டு வடிவிலோ இருக்கும்போதுதான் 'ஆம்' துணைக்கு வரும்.

வினைக்குப் பின் இன்னொரு வினை வரும் இடம் அடுத்த சிக்கல். காத்திருக்கச் சொன்னார், காத்திருக்க வைத்தார், காத்திருக்க விட்டார் என்று தமிழில் 'காத்திருக்க' மாறுவதே இல்லை. ஆங்கிலத்தில் 'டோல்ட் ஹிம் டு வெயிட்', ஆனால் 'மேட் ஹிம் வெயிட்', 'லெட் ஹிம் வெயிட்'. பின்னிரண்டிலும் 'டு' கிடையாது. வேடிக்கை என்னவென்றால், 'மேட்' செயப்பாட்டில் வரும்போது அதே 'டு' திரும்பி வந்துவிடும்: 'ஹி வாஸ் மேட் டு வெயிட்'. வான்ட், ஹோப், டிசைட், ரெஃப்யூஸ் ஆகியவற்றுக்குப் பின் 'டு' வரும்; என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் ஆகியவற்றுக்குப் பின் 'இங்' வரும். 'சஜஸ்ட்' பலரை வழுக்கிவிடும் வினை. 'ஷி சஜஸ்டட் கோயிங்' சரி, 'ஷி சஜஸ்டட் தட் வீ கோ' சரி, 'ஷி சஜஸ்டட் அஸ் டு கோ' பிழை. 'ஸ்டாப்' இரண்டையும் ஏற்கும், பொருள்தான் தலைகீழாகும். 'ஹி ஸ்டாப்ட் டாக்கிங்' என்றால் பேச்சை நிறுத்தினார். 'ஹி ஸ்டாப்ட் டு டாக்' என்றால் பேசுவதற்காக நின்றார்.

'பற்றிப் பேசினோம்' என்பதை மனதில் வைத்து 'டிஸ்கஸ்ட் அபௌட்' என்கிறோம். 'டிஸ்கஸ்' நேராக ஆப்ஜெக்ட்டை ஏற்கும் வினை, 'அபௌட்' தேவையில்லை. 'ரீச்' என்பதும் அப்படியே. 'பாட்டைக் கேள்' என்பதில் தமிழில் 'ஐ' உருபு நேராக ஒட்டுகிறது, ஆங்கிலத்தில் 'லிசன் டு' என்று இடையில் 'டு' வேண்டும்.

சொல்வரிசை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் இணை போதும். 'ஹி ஃபவுண்ட் தி எம்ப்டி ரூம்' என்றால் காலி அறையைக் கண்டுபிடித்தார். 'ஹி ஃபவுண்ட் த ரூம் எம்ப்டி' என்றால் போய்ப் பார்த்தபோது அறை காலியாக இருந்தது. ஒரே ஐந்து சொற்கள். 'எம்ப்டி' இடம் மாறியதும் அமைப்பும் பொருளும் மாறிவிட்டன. முடி திருத்திக்கொண்டவர் 'ஐ கட் மை ஹேர்' என்றால் தானே கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக்கொண்டதாகவே கேட்பவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. பிறர் வெட்டிவிட்டதைச் சொல்ல 'ஐ ஹேட் மை ஹேர் கட்' என்ற அமைப்பு இருக்கிறது.

'டூ யூ நோ வேர் டஸ் ஹி லிவ்?' என்ற பிழை நன்றாகப் பேசுகிறவர்களிடமும் வருகிறது. ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிய கேள்வி சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்பிவிடும்: 'டூ யூ நோ வேர் ஹி லிவ்ஸ்?'

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது இதுதான். பத்து வாக்கியங்களுக்குப் பதில் ஒரு நாளைக்கு இரண்டு வினைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் முதலில் அமைப்பு, எடுத்துக்காட்டாக 'எக்ஸ்ப்ளெயின் + பொருள் + டு + ஆள்'. அடுத்து அந்த அமைப்பில் ஒரு வாக்கியம், அதன் எதிர்மறை, அதன் கேள்வி. எதிர்மறையையும் கேள்வியையும் விட்டுவிடக் கூடாது, 'டிட் நாட் வென்ட்' போன்ற பிழைகள் அங்கேதான் வெளிப்படும். கடைசியாக வழக்கமான பிழை வாக்கியம் ஒன்று, அது ஏன் பிழை என்ற காரணத்தோடு. வாசகர் ஆளையும் பொருளையும் காலத்தையும் மாற்றி நான்கு வாக்கியங்கள் தானே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க இரண்டு அங்குலம் காலி இடம் விடுங்கள். சந்தேகம் வந்தால், ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட அகராதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் பெரும்பாலானவை பொருளை மட்டும் தருவதில்லை, அந்த வினைக்குப் பின் என்ன வரும் என்பதையும் குறிப்பாகவோ எடுத்துக்காட்டாகவோ காட்டுகின்றன. தொடங்குவதற்கு கிவ், டெல், சே, எக்ஸ்ப்ளெயின், வான்ட், மேக், லெட், சஜஸ்ட் ஆகிய எட்டு வினைகளைப் பரிந்துரைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் வாசகர்