பாம்பன் கால்வாய் ஆய்வுக்கு நம்ம காசைப் போடுங்கள்

தமிழ்நாடு கடல்சார் வாரியத்தாருக்கும், பாம்பன் ஊராட்சி, மண்டபம் பேரூராட்சி, ராமேஸ்வரம் நகராட்சி மன்றத்தாருக்கும்,

வணக்கம்.

2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்ததிலிருந்து எங்கள் ஊர் டீக்கடைகளில் ஒரு பேச்சு ஓயவில்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி மேலே ஏறுகிறது. அப்புறம் என்ன, அடியில் கால்வாயையும் ஆழப்படுத்திவிட்டால் பெரிய கப்பல் வரும், பிள்ளைகளுக்கு வேலை வரும் என்கிறார்கள். பழைய பாலத்தில் ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான்.

நான் இந்த யோசனைக்கு எதிரி இல்லை. ஆதரிக்கவும் இன்னும் காரணம் கிடைக்கவில்லை. என்றைக்காவது இது கோப்பில் ஏறினால் முதலில் ஓர் ஆய்வு நடக்கும். அந்த ஆய்வுக்கான பணத்தை வாரியமும் உள்ளாட்சிகளும் சேர்ந்து போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எதற்காகக் கேட்கிறேன் என்றால், நான் பள்ளியில் படிக்கும்போது ஓர் ஆய்வுக் குழு ஊருக்கு வந்தது. அப்பாவின் வள்ளத்தை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தார்கள். பங்குனி மாதம், கடல் குளம் மாதிரி கிடக்கிற நேரம். ஏதோ கருவிகளை இறக்கி ஆழமும் ஓட்டமும் அளந்தார்கள். "சார், இப்ப அளந்தா ஒண்ணும் தெரியாது, ஆடியில ஒரு தடவை வாங்க, கார்த்திகையில ஒரு தடவை வாங்க" என்று அப்பா சொன்னார். சிரித்துக்கொண்டே டீசல் காசைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த அறிக்கையை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

அப்பா சொன்னதில் தப்பே இல்லை. வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் வடகடல் தண்ணீர் பாலத்துக்கு அடியில் தென்கடலுக்குப் பாயும். சோழகம் என்கிற தென்காற்றில் அப்படியே திரும்பி ஓடும். பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே அந்த இடுக்கில் வருடம் இரண்டு முறை ஓட்டம் திசை மாறுகிறது, மணலும் கூடவே போய் வருகிறது. தோண்டிய பள்ளம் ஆறு மாதத்தில் தூர்ந்துபோகுமா, நிற்குமா என்பதற்குப் பங்குனிக் கணக்கு உதவாது. குறைந்தது ஒரு முழு வருடம் அளக்க வேண்டும். அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். அவசரத்தில் இருக்கிறவர் பணம் கொடுத்தால் ஒரே பருவத்தில் முடித்துவிடுவார்கள்.

சேதுசமுத்திரம் ஞாபகம் இருக்கும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கப்பல் போகக் கடலில் கால்வாய் தோண்டும் சுமார் 2,427 கோடி ரூபாய் திட்டம்; 12 மீட்டர் ஆழம், 300 மீட்டர் அகலம். அதை முன்னெடுத்தது தூத்துக்குடி துறைமுகம். சுற்றுச்சூழல் ஆய்வை நாக்பூரில் இருக்கிற நீரி என்ற தேசிய சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைத்ததும் அதே துறைமுகம்தான். தோண்ட ஆசைப்பட்டவரே ஆய்வையும் ஏற்பாடு செய்தார். நம் நாட்டில் நடைமுறையே அதுதான், அந்த ஒரு துறைமுகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2005 ஜூலையில் வேலை தொடங்கியது, 2007இல் விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் நின்றது. பிறகு மத்திய அரசு அமைத்த பச்சௌரி குழு, திட்டம் பொருளாதாரத்துக்கும் சூழலுக்கும் ஒத்துவராது என்று சொல்லிவிட்டது. 2023 ஜனவரியில் நம் சட்டப்பேரவை அதே திட்டத்தை நிறைவேற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஒரு ஆய்வு சரி என்கிறது, இன்னொன்று வேண்டாம் என்கிறது. இதில் மீன்பிடிக்கிறவன் எதை நம்புவது?

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். 1986இல் வந்த சட்டப்படி, துறைமுகக் கால்வாயை ஆழப்படுத்தலாமா என்று பார்க்கும் ஆய்வுச் செலவில் பாதியை உள்ளூர்த் தரப்பு கொடுக்க வேண்டும். மாநிலமோ, துறைமுக ஆணையமோ, மாவட்டமோ, யாராவது கையைக் கடித்துக்கொண்டு பங்கு போட்டால்தான் மத்திய அரசு மீதியைப் போடும். ஜார்ஜியாவின் சவானா துறைமுகக் கால்வாயை 42 அடியிலிருந்து 47 அடியாக்க 1999இல் ஒப்புதல் கிடைத்தது. வேலை முடிந்தது 2022இல். செலவு 97 கோடி டாலருக்கும் மேல். அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட போனது சுற்றுச்சூழல் பாதிப்பை ஈடுகட்ட. ஆற்றை ஆழமாக்கினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்று முன்கூட்டியே தெரிந்ததால், அதைச் செலுத்துவதற்கென்றே தனி இயந்திரங்கள் வைத்தார்கள். அங்கேயும் வழக்கு நடந்தது, சண்டை நடந்தது. ஆனால் ஈடுகட்ட என்ன செலவாகும் என்ற கணக்கு தோண்டுவதற்கு முன்பே மேசையில் இருந்தது.

நாம் பாதி போட முடியாது, தெரியும். ஊராட்சி நிதியில் தெருவிளக்கு மாற்றவே மூக்கால் அழ வேண்டியிருக்கிறது. வாரியம் பெரும்பங்கைப் போடட்டும். பாம்பன் ஊராட்சி ஒரு லட்சம் போட்டால் போதும். தொகை பெரிதில்லை. ஆய்வில் என்ன கேள்வி கேட்பது என்று எழுதுகிற மேசையில் ஒரு நாற்காலி கிடைக்க வேண்டும், அதற்குத்தான்.

அந்த நாற்காலியில் உட்காருகிறவர் முதலில் கேட்க வேண்டியது சாலைப் பாலத்தைப் பற்றி. ரயில் பாலம் 17 மீட்டர் மேலே ஏறும், சரி. பக்கத்தில் 1988இல் திறந்த சாலைப் பாலம் ஏறாதே! அதன் அடியில் நுழைகிற உயரமுள்ள கப்பல்தான் வர முடியும். அந்த அளவுக் கப்பல் வருடத்துக்கு எத்தனை வரும், அதற்கு எத்தனை மீட்டர் ஆழம் போதும் என்று தெரியாமல் ஆழத்தைப் பேசுவது செருப்பு வாங்கிவிட்டுக் காலைத் தேடுவது மாதிரி.

அடுத்தது, தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவார்கள்? தெற்கே கூப்பிடு தூரத்தில் குருசடைத் தீவு. அது 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அங்கே பவளப்பாறையில் கை வைத்தால் வழக்கு. சின்னப்பாலத்துப் பெண்கள் முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். தண்ணீர் கலங்கினால் அடி தெரியாது, அன்றைக்கு வருமானம் இல்லை. இந்தக் கணக்கை யார் எழுதுவார்கள்? அவர்களை உட்கார வைத்துக் கேட்டால்தான் உண்டு. அளக்கிற ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் மண்டபத்திலேயே இருக்கிறது.

அறிக்கை தமிழிலும் வர வேண்டும். அளந்த எண்கள் எல்லாவற்றையும் ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும். முடிவு "வேண்டாம்" என்று வந்தாலும் அதையும் வெளியிடுவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பாம்பன் ஊராட்சி நிர்வாகத்துக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். இதை மே 1 கிராம சபையில் பொருளாக வையுங்கள். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். அப்பாவை நான் கூட்டி வருகிறேன். ஆடி, கார்த்திகை பற்றி அவர் இன்னொரு முறை சொல்லத் தயார்.

இப்படிக்கு,
பாம்பன் வடகடல் கரையில் பிறந்த ஒருவன்