கல் என்று நீ அனுப்பிய கண்ணாடி

குன்னூர்

அன்பு நண்பா,

தரங்கம்பாடியிலிருந்து நீ அனுப்பிய கடற்கரைக் கண்ணாடித் துண்டுகளின் பொட்டலம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பழைய வேட்டித் துணியில் தனித்தனியாக முடிந்திருந்ததால் ஒன்றும் உடையவில்லை. இங்கே மூன்று நாளாக மூடுபனி விலகவில்லை. நேற்றுக் காலைதான் அவற்றை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

வெறும் கல்தான், பேரன் ஆசைக்குப் போட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கறுப்புத் துண்டிலிருந்து தொடங்குகிறேன். அது கல் அன்று. அதன் மெல்லிய விளிம்பை டார்ச்சின் மேல் வைத்ததும் அடர்ந்த பாசிப்பச்சை நிறம் கசிந்தது. உள்ளே சாய்வாக நீண்ட இரண்டு காற்றுக் குமிழிகளும் தெரிந்தன. இரும்பு கலந்த மணலை உருக்கித் தடிமனாக ஊதிய பழைய மதுச் சீசாக்களின் கண்ணாடி இப்படித்தான், பகலில் பார்த்தால் கறுப்பாகவே இருக்கும். டென்மார்க்காரர்கள் 1620 முதல் 1845 வரை வைத்திருந்த ஊர் என்பதற்காக இதை அவர்கள் குடித்துப் போட்டது என்று உடனே முடிவு கட்டிவிடாதே. 19ஆம் நூற்றாண்டிலும் இத்தகைய சீசாக்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் பொட்டலத்தில் இதுவே அரியது.

நீ விலை கொடுத்து வாங்கிய சிவப்புத் துண்டைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கமோ செலினியமோ சேர்த்துச் செய்த சிவப்புக் கண்ணாடி கடற்கரையில் கிடைப்பது அபூர்வம் என்பது உண்மை. அதனால்தான் போலியும் அதில் அதிகம். கடல்நீர் பல பத்தாண்டுகள் கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சோடா என்ற காரப்பொருளைக் கரைத்தெடுக்க, மணலும் கூழாங்கல்லும் மோதி மோதிப் பிறைநிலா வடிவில் நுண்ணிய தழும்புகளை விட்டிருக்கும். உன் கறுப்புத் துண்டில் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே அவை நெருக்கமாகத் தெரிகின்றன. சிவப்பிலோ ஒரு தழும்பும் இல்லை, பூச்சு மாவு தடவியதுபோல் எங்கும் ஒரே மங்கல். அமிலத்தில் தோய்த்திருப்பார்கள். விற்றவரிடம் இனி வாங்காதே.

இளம் ஊதாத் துண்டு பிறக்கும்போது நிறமற்றதாகவே இருந்திருக்கும். இரும்பின் பச்சையை மறைக்கச் சேர்த்த மாங்கனீசு, வெயிலில் நெடுநாள் கிடந்தால் ஊதாவாக மாறும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் விளக்கையும் எல்லாவற்றின் மேலும் அடித்துப் பார்த்தேன்; யுரேனியம் கலந்த கண்ணாடியாக இருந்தால் பளிச்சென்று பச்சை ஒளி விடும். உன்னுடையவற்றில் எதுவும் விடவில்லை.

இங்கே வீட்டுக்குக் கீழுள்ள ஓடையில் சென்ற மாதம் எனக்கு ஒரு கோலி சோடாப் புட்டியின் கழுத்து கிடைத்தது. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற அதே அமைப்பு, கோலி உருண்டு நிற்கும் பள்ளம்கூட அப்படியே இருக்கிறது. ஆனால் மேற்பரப்பு இன்னும் பளபளக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் உருட்டும் ஓடைக்கு உன் கடலின் பொறுமை எங்கே வரும்? கோலியைக் காணோம், யாரோ ஒரு பையன் அன்றே உடைத்து எடுத்துக்கொண்டிருப்பான், நாம் செய்ததுபோல.

கறுப்பை எண்ணெய் தடவி மினுக்காதே, தழும்புகள் மறைந்துவிடும். ஊதாவை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், மற்றவை திங்கட்கிழமை தபாலில் வரும். அடுத்த முறை கரையில் கோலி ஏதேனும் அகப்பட்டால் எனக்கு அனுப்பு, என் புட்டிக் கழுத்தில் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்